பெரட்டுப் புத்தகமும் லாக் கோப்பும்

ஈப்போவில் நண்பர்கள் நடத்தும் சிறு இணைய இதழில் படங்கள் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தபோது கண் லாக் கோப்பில் நின்றுவிட்டது. அனுமதி 644. கடைசி 4-க்கு அர்த்தம், அந்த சர்வரில் கணக்குள்ள யாரும் படிக்கலாம். கோயில் சபை, டியூசன் சென்டர் என்று இன்னும் நாலு பேர் அதே சர்வரில் பங்கு.

"நம்ம லாக்க யாரு தம்பி பாக்கப் போறா? சின்ன இதழ்தானே" என்றார் ஆசிரியர்.

சின்ன இதழ் என்பதுதான் அண்ணே ஆபத்தே. லட்சம் பேர் வரும் தளத்தில் ஓர் ஐபி எண் கூட்டத்தில் கரைந்துவிடும். நமக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் அதிகம். ஒருவர் தன் பெயரில் பின்னூட்டம் போட்ட நிமிடமும் ஐபியும் லாக்கில் இருக்கும். அதே ஐபி இரவு 2 மணிக்குக் குடும்ப வன்முறைக் கட்டுரையை மூன்று தடவை திறந்ததும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க ஹேக்கர் வேண்டாம், ஊர்க்கதை பேசும் ஒருத்தர் போதும்.

என் பாட்டி சுங்கை சிப்பூட் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1948 ஜூன் 16-இல் அங்கே மூன்று துரைமார்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தபின், யார் எந்த நேரம் எங்கே இருந்தார் என்பது சாதாரணக் கேள்வியாக இல்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்ட புத்தகத்தைக் கிராணி பூட்டித்தான் வைப்பாராம். நமக்காக இல்லை, சம்பளக் கணக்குக்காக. இருந்தாலும் பூட்டினார்.

640 என்று மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். லாக்ரோட்டேட்டிலும் மாற்றணும், இல்லாட்டி அடுத்த புதுக் கோப்பு பழையபடியே பிறக்கும். ஆனால் பூட்டு அக்கம்பக்கத்தாரை மட்டும்தான் தடுக்கும். 2003 ஜனவரியில் ஒரு வாசகர் கடிதத்துக்காக மலேசியாகினி அலுவலகத்தில் போலீஸ் நுழைந்து 19 கணினிகளைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த மாதிரி நாளில் 640 என்ன செய்யும்? இல்லாத கோப்பைத்தான் எடுத்துப்போக முடியாது. இங்கேயோ ஐந்து வருட லாக் அப்படியே கிடக்கிறது. கேட்டால், எத்தனை பேர் படிச்சாங்கன்னு தெரியணுமாம். எண்ணிக்கையை எழுதி வைத்துக்கொண்டு வரிகளை அழிக்கலாமே! (எழுத்தாளர்களின் ஹிட்ஸ் பசிக்கு அதுவே தாராளம்.)

சட்டம் வந்து கேட்கும் என்றும் காத்திருக்க வேண்டாம். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்கானது. காசு வாங்காமல் இலக்கியம் நடத்தும் நம்மை அது எட்டிப் பார்க்காது.

அண்ணே, படங்கள் ஏறிடுச்சு. பழைய லாக்கை எப்போ அழிக்கப் போறீங்க?