குடம் தேய்ந்தால் வண்டி குப்பைக்கா?



உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ, லயத்துக் கோடியில் விறகு அடுக்கிய இடத்திலோ பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடக்கிறதா? பிரேம் நன்றாக இருக்கும். கைப்பிடி நேராக இருக்கும். பின் சக்கரம் மட்டும் ஆடும். சுற்றிவிட்டால் மணலை அரைப்பதுபோலச் சத்தம் வரும். "இதற்கு இனிச் சாமான் கிடைக்காது" என்று யாரோ சொன்ன அன்றைக்கே அதை ஓரங்கட்டியிருப்பீர்கள். இந்த இதழில் அந்த வண்டிக்காகக் கொஞ்சம் வாதாட விரும்புகிறேன்.

சக்கரத்தின் நடுவில், ஸ்போக் கம்பிகள் எல்லாம் வந்து கோர்க்கும் பாகத்தைக் கடையில் 'ஹப்' என்கிறோம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் அதே பாகத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'குடம்'. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அந்த அச்சைத் தாங்கி நிற்பது குடம்தான். டயர் வெடித்தால் ஒட்டலாம். கம்பி ஒன்று அறுந்தால் மெல்ல ஓட்டி வீடு சேரலாம். குடம் போனால் சக்கரமே நம் சொல் கேட்காது.

எங்கள் கியா பார்ம் பக்கத்தில் இது விளையாட்டுக் காரியமல்ல. கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டருக்கும் கூடுதலான உயரம். காலையில் பனி, மாலையில் மழை. ஈரம் குடத்துக்குள் புகுந்து கிரீசை வெளியேற்றிவிட்டுத் துருவை உட்கார வைத்துவிடும். இங்கிருந்து பிரிஞ்சாங், தானா ராத்தா பக்கம் போவதென்றால் வளைவுக்கு மேல் வளைவாக இறக்கம். லாரியும் சுற்றுலா பஸ்ஸும் எதிரே வரும் பாதையில், பின் சக்கரம் பக்கவாட்டில் ஆடும் வண்டியை ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். ஆகவே ஒன்று, முறையாகப் பழுது பார்க்கவேண்டும். இல்லையென்றால் ஓட்டாமல் இருக்கவேண்டும். நடுவழி கிடையாது.

சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் பள்ளியில் படித்து இப்போது காய்கறி லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பின் சக்கரம். தோட்டத்தை விட்டு ஊருக்குப் போன துரை ஒருவரிடமிருந்து அவருடைய தந்தையார் அந்தக் காலத்தில் விலைக்கு வாங்கிய நெடுந்தூரப் பயண சைக்கிளின் சக்கரம் அது. தந்தையார் காலமாகி ஓராண்டு ஆகிவிட்டது.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன், சார். எல்லாரும் இல்லைன்னுட்டாங்க. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு சொல்றாங்க."

"கடையில் என்னவென்று கேட்டாய், தம்பி?"

"பழைய சைக்கிளுக்குப் பின் ஹப் இருக்கான்னு கேட்டேன், சார்."

வாசகர்களே, சிக்கல் இங்கேதான் இருக்கிறது. செருப்புக் கடைக்குப் போய், எந்தக் காலுக்கு, என்ன அளவு என்று சொல்லாமல் "செருப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? அளவு தெரியாமல் தேடிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. 'இல்லை' என்று சொல்லிவிடுவதே அவருக்குச் சுலபம். பல வேளைகளில் 'சாமான் இல்லை' என்ற பதிலுக்கு 'நீ கேட்டது எனக்கு விளங்கவில்லை' என்பதே பொருள்.

இனி, கேட்கும் முறையைப் பார்ப்போம். முதலில், மாற்றவேண்டியது குடம்தானா என்று உறுதி செய்யுங்கள். குடத்துக்குள் இரு பக்கமும் கிண்ணம் போன்ற குழி உண்டு. அதில் எஃகுக் குண்டுகள் உருளும். அவற்றை 'கோன்' என்னும் கூம்பு வடிவத் திருகு அழுத்திப் பிடிக்கும். சாதாரணப் பின் குடத்தில் பக்கத்துக்கு 9 வீதம் 18 குண்டுகள்; ஒவ்வொன்றும் கால் அங்குலம். கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். குண்டும் கோனும் மட்டும் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றினால் போதும், செலவு சொற்பம். அச்சு வளைந்தோ உடைந்தோ இருந்தால் அச்சை மட்டும் மாற்றலாம். கிண்ணத்தில் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தாலோ, கம்பி கோர்க்கும் தட்டில் விரிசல் கண்டிருந்தாலோதான் குடத்தையே மாற்றவேண்டும்.

பழைய பயண சைக்கிள்களில் வலப்பக்கத்து அச்சு உடைவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. பல் சக்கரங்கள் கூடக்கூட, வலப்பக்கத்துக் குண்டுகள் உள்ளே தள்ளிப்போய், அச்சின் ஒரு பகுதி தாங்க ஆளில்லாமல் வெளியே நீண்டு நிற்கும். பின்னால் மூட்டை ஏற்றிக் குழியில் இறக்கினால் அந்த இடம்தான் முதலில் முறியும். ஜப்பானின் சிமானோ நிறுவனம் 1978-இல், சுழலும் பகுதியைக் குடத்தோடு சேர்த்து, குண்டுகளை வெளி ஓரத்துக்குக் கொண்டுவந்து இந்தக் குறையைத் தீர்த்தது. 1921-இல் சகாய் நகரில் தொடங்கிய அந்த நிறுவனம் 1973-இல் சிங்கப்பூரில் தொழிற்சாலை திறந்தது. பிற்காலத்தில் நம் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானிலும் திறந்தது. உலகம் சுற்றும் சைக்கிள் சாமான்கள் நம் நாட்டுத் தொழிலாளர் கைகளிலும் உருவாகின்றன.

குடத்தையே மாற்றுவது என்று முடிவானால், ஒரு தாளில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, துளைகளின் எண்ணிக்கை. ரிம்மில் எத்தனை கம்பியோ குடத்தில் அத்தனை துளை வேண்டும். பழைய ஆங்கிலேய வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 என்பது வழக்கம். இன்றைய வண்டிகளில் 32, 36 என்பதே அதிகம்.

இரண்டு, அகலம். பிரேமின் பின்கால்கள் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்கவேண்டும். ஒற்றைப் பல் சக்கர வண்டிக்கு ஏறத்தாழ 110. ஐந்து பல் சக்கரத்துக்கு 120. ஆறு, ஏழுக்கு 126. பிற்காலச் சாலை வண்டிக்கு 130. மலை சைக்கிளுக்கு 135. இரும்புப் பிரேமைக் கைதேர்ந்தவர் சில மில்லிமீட்டர் அகட்டித் தரமுடியும். அலுமினியப் பிரேமை அப்படிச் செய்யவே கூடாது.

மூன்று, பிரீவீல் ஏறும் புரி. ஆங்கில அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. பிரெஞ்சு அளவு 34.7 மில்லிமீட்டர், புரிக்குப் புரி 1 மில்லிமீட்டர். இரண்டுக்கும் குறுக்களவில் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாது. பலவந்தமாக முடுக்கினால் புதுக் குடத்தின் புரி பாழாகிவிடும்.

நான்கு, கம்பி கோர்க்கும் தட்டின் அளவு. சிறிய தட்டும் உண்டு, பெரிய தட்டும் உண்டு. பழைய அளவே கிடைத்தால் கம்பியின் நீளம் மாறாது. தட்டு பெரிதானால் கம்பி குட்டையாக வேண்டும்.

இவற்றோடு, அச்சு நட்டுப் போட்டு முடுக்குவதா, நெம்புகோலால் கழற்றுவதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நெம்புகோல் முறையை இத்தாலியின் துல்லியோ கம்பன்யோலோ 1930-இல் கொண்டுவந்தார்.

முக்கியமான ஒரு சொல்: கம்பிகளைக் கழற்றுவதற்கு முன்பே பிரீவீலைக் கழற்றிவிடுங்கள். ரிம் இருக்கும்வரை பிடித்துத் திருக நல்ல பிடி இருக்கும். கம்பியை வெட்டிவிட்டால் வெறும் குடத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு திருகினாலும் அசையாது. அவசரக்காரர்கள் பலர் நல்ல பிரீவீலை இழப்பது இப்படித்தான்.

உங்கள் வண்டி மூன்று வேக ராலே வகையாக இருந்தால் குடத்தின் மேல் எழுத்து இருக்கும். துடைத்துப் பாருங்கள். 1902-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் தன் குடங்களில் பிறந்த ஆண்டையே பொறித்து வந்தது. 'ஏ.டபிள்யூ.' என்ற எழுத்தும் பக்கத்தில் 56 என்ற எண்ணும் இருந்தால் அது 1956-ஆம் ஆண்டுப் பிள்ளை. நாட்டிங்ஹாம் தொழிற்சாலை 2000-இல் மூடப்பட்டது. தைவானின் சன்ரேஸ் நிறுவனம் அதை வாங்கி, அதே பெயரில் அங்கே உற்பத்தியைத் தொடர்ந்தது. கணக்கற்ற வண்டிகளில் ஓடிய குடம் ஆதலால், பழைய சக்கரங்களிலிருந்து உள் சாமான் எடுத்துப் போடவும் வழியுண்டு.

நம் நாட்டில் சைக்கிள் சாமான் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைப் பிடித்தது. அந்தப் படையில் பெரும் பகுதி சைக்கிளில் வந்தது. போருக்கு முன்பே ஜப்பானிய சைக்கிள்கள் இங்கே விற்பனையானதால் வழியெங்கும் உதிரிச் சாமான் கிடைத்தது. மக்களின் சைக்கிள்களையும் பறித்துக்கொண்டார்கள். டயர் கிழிந்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். ரப்பர் போனாலும் குடம் நின்றது.

நம் இளைஞரிடம் வருவோம். அவரும் நானும் உட்கார்ந்து அளந்தோம். 40 துளை, 120 மில்லிமீட்டர், ஆங்கிலப் புரி, சிறிய தட்டு, நட்டு அச்சு. அந்தத் தாளோடு அவர் ஈப்போவுக்குப் போனார். முன்பு 'இல்லை' என்று சொன்ன நான்கு கடைகளில் ஒன்றுக்கே மறுபடியும் போயிருக்கிறார். தாளைப் படித்த சீனப் பெரியவர் ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கிக் கொடுத்தாராம்.

அப்படிக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பெச்சா ஓடும் பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய சக்கர வேலை தெரிந்தவர்களை விசாரிக்கலாம். இருவர் மிதிக்கும் சைக்கிளுக்கான குடங்களில் 40 துளை உண்டு. ஆனால் அகலம் சரிபார்க்கவேண்டும். எதுவும் அமையவில்லையென்றால் 36 துளைக் குடமும் 36 துளை ரிம்மும் சேர்த்து வாங்கிவிடுங்கள். செலவு கூடும், ஆனால் வண்டி பிழைக்கும். கம்பி பூட்டுவதை வேலை தெரிந்தவரிடமே விடுங்கள். அவர் கம்பிகளை வீணைத் தந்திபோல் மீட்டிப் பார்த்து, ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்கும்வரை முடுக்குவார். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள்.

'ஒரு பழைய சைக்கிளுக்கு இத்தனை பாடா?' என்று சிலர் கேட்கலாம். நம்மவர் நிலையை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான். வேலை முடிந்தால் வீட்டையும் விடவேண்டும். நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளியவருக்கும் கவாத்து வெட்டியவருக்கும் பிள்ளைகளிடம் கொடுக்க நிலமில்லை, வீடில்லை. ஒரு குத்துவிளக்கு, ஒரு தையல் இயந்திரம், ஒரு சைக்கிள்: இவைதாம் அவர்கள் உழைப்பு வாங்கி வைத்த சொத்து. அதையும் ஒரு கைப்பிடிக் குண்டுக்காகவும் ஒரு குடத்துக்காகவும் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போடலாமா?

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் புத்தகப் பையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. மில்லிமீட்டர் கோடுகளை அவனும் அவளும் பள்ளியில் கற்றிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிளை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, பிள்ளைகளை உட்கார வைத்துத் துளைகளை எண்ணச் சொல்லுங்கள், அகலத்தை அளக்கச் சொல்லுங்கள், தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளோடு அவர்களையும் கடைக்கு அழைத்துப் போங்கள். தனக்கு வேண்டியதை அளந்து, பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்த பிள்ளையை நாளைக்கு எந்தக் கடையிலும், எந்த அலுவலகத்திலும் சுலபமாக 'இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.