விலைக்கு நிற்கும் வீடு

வீட்டை விற்க முற்படுவோர் அதன் வெளித்தோற்றத்தையும் தோட்டத்தையும் செப்பனிடுதல் முறையா, அன்றோ என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், வாய்மையும், அயலார்பால் நாம் கொள்ளவேண்டிய பொறுப்பும், நிலத்தையும் நீரையும் பேணுதலும் ஆகிய பெரும்பொருள்கள் அவ்வினாவினுள் அடங்கியுள்ளன. நமது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரின் நிலையைக் கொண்டு இதனை ஒருவாறு ஆராய்வோம்.

முன்னாளில் குடியிருந்த வீட்டை விற்றல் குடி தாழ்ந்ததற்கு அடையாளமாகக் கருதப்பட்டது. இந்நாளில் ஓசூரில் அஃது அன்றாட நிகழ்ச்சி. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய தொழிற்சாலைகள் எழுந்தபின், பல மாவட்டத்தாரும் அண்டை மாநிலத்தாரும் தொழில் நாடி அங்கே குடியேறினர். பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருத்தலின், அந்நகரில் பணிபுரிவோரும் ஓசூரில் வீடு தேடுகின்றனர். 2019இல் அவ்வூர் மாநகராட்சியாயிற்று. இங்ஙனம் வந்து வாங்குவோருட் பலர், எத்தெருவில் மழைநீர் தேங்கும், எக்கிணறு கோடையில் வற்றும் என்பவற்றை அறியாதவர். பல்லாண்டுக் கடனைத் தலைமேற் கொண்டு வரும் அவர்களுக்குக் கண்ணெதிரே தோன்றும் சுவரும் முற்றமுமே முதற் சான்று.

ஆதலின், விற்பவர் தம் வீட்டின் புறத்தைத் துப்புரவு செய்தல் தக்கதே என்பது எமது கருத்து. சுற்றுச்சுவரோரம் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியத்தை, பூப்பதற்கு முன்னரே, கையுறை அணிந்து வேரொடு களைதல் வேண்டும். அச்செடி தோலுக்கும் மூச்சிற்கும் தீங்கு பயப்பது. கூரைமேற் குவிந்த சருகை அகற்றி, நீர் வடியும் குழாய்களை அடைப்பு நீக்கி, துருவேறிய வாயிற்கதவிற்கு வண்ணம் பூசி, பட்ட கிளைகளை வெட்டி, படிக்கட்டின் பாசியைத் தேய்த்துக் கழுவுக. இவற்றிற்கு ஆகும் பொருள் சிறிது. வருவோர்க்கு நாம் செய்யும் மரியாதையும், இத்துணை ஆண்டு நம்மைக் காத்த வீட்டிற்குச் செய்யும் நன்றியும் இவையே.

இனி, செய்யத்தகாதன சில உள. சுவரில் நீர்க்கசிவு இருப்பின், அதன் காரணத்தை ஆராயாது மேலே வண்ணம் பூசுவோர் பலர். ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சில திங்களில் பூச்சுக் கொப்புளித்து உதிரும். அதற்குள் பத்திரம் பதிவாகி, விற்றவர் வேற்றூர் சென்றிருப்பார். இது வெறும் சாமர்த்தியம் என்று எண்ணற்க. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குவோர் இயல்பான கவனத்தாற் கண்டறிய இயலாததும், விற்பவர் அறிந்ததுமான முக்கியக் குறையைச் சொல்லிவிடுதல் விற்பவரின் கடமை என்கின்றது. சொல்லாது மறைத்தலை வஞ்சகம் என்றே கருதுகின்றது.

தோட்டத்தின் செய்தி இன்னும் வருந்தத்தக்கது. மண் தெரிந்தால் விலை குறையும் என்று தரகர் சொல்ல, நிழல் தந்த மாவையும் புங்கையும் வெட்டி, முற்றம் முழுவதும் சிமிட்டிக் கற்களைப் பதிக்கின்றனர். வேறு சிலர் நாற்றுப்பண்ணையிலிருந்து ரோஜாச் செடிகளைக் கொணர்ந்து, பைகளோடே புதைத்து, ஒரு வாரக் காட்சிக்கு வைக்கின்றனர். 1,000 சதுர அடிக் கூரைமேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அதில் விழும் நீர் ஏறக்குறைய 900 லிட்டர். மூடிய முற்றம் அந்நீரைத் தெருவிற்குத் தள்ளுகின்றது. திறந்த மண் நிலத்தினுள் வாங்கிக்கொள்கின்றது. மழைநீர்ச் சேகரிப்புத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டிருக்க, விற்பனைக்காக அதன் குழியை மூடுதல் என்ன அறிவுடைமை? வளர்ந்த மரத்தை எவ்விலை கொடுத்தும் ஒரே நாளில் மீண்டும் பெற முடியாது.

“உள்ளதை உள்ளபடி காட்டினால் விலை படியாதே” என்பார் உளர். அவ்வச்சம் பொய்யன்று, குறையைச் சொன்னவர் சிறிது குறைந்த விலைக்கு உடன்பட நேரிடலாம். ஆயினும் அவர் விட்டது தமக்கு உரியதல்லாத பொருளே. மறைத்துப் பெற்ற தொகையோ, கடன் தவணையோடு பழுதுச் செலவையும் சுமக்கும் ஒரு தொழிலாளியின் ஊதியத்திலிருந்து எடுக்கப்படுவது.

எனவே, விற்போர் வீட்டோடு ஒரு தாளையும் எழுதிக் கொடுப்பாராக. ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், அது வற்றும் மாதம், கழிவுநீர்த் தொட்டி இருக்குமிடம், நிலத்தடிக் குழாய் செல்லும் வழி, சுவரில் ஈரம் காணும் பக்கம், ஒவ்வொரு மரத்தின் வயது ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். நம் மாணவருட் சிலர் நாளைப் பொறியாளராவர், சிலர் வழக்கறிஞராவர், பலர் வீடு வாங்கவும் விற்கவும் செய்வர். வெள்ளையடித்த கல்லறையை இயேசுநாதர் எதற்கு உவமையாக்கினார் என்பதை நாம் மாணாக்கராயிருந்தே கற்கின்றோம். அப்பாடம் வீட்டுச் சுவருக்கும் பொருந்தும் என்பதை மறவாது, வெள்ளையடிக்கு முன் வெடிப்பை அடைப்போமாக.