ஊசி முனையும் ஓட்டக் களமும்

பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் வாரங்களில், மலேசியச் சிறுநகரங்களின் சீன மருத்துவக் கூடங்களிலே பள்ளிச் சீருடையைக் காண்பது அரிதன்று. கணுக்கால் வீங்கிய ஓட்டக்காரன் ஒருவன். தோள் பிசகிய பூப்பந்து ஆட்டக்காரி ஒருத்தி. துணைக்கு வந்த தந்தை. சில வேளைகளில் பயிற்றுநர். சின்சே மயிரிழை போன்ற ஊசிகள் சிலவற்றைச் செருகுகிறார். அரைமணி நேரத்திற்குப் பின் பையன் எழுந்து நடக்கிறான். வலி குறைந்துவிட்டது என்கிறான். அவன் கூறுவது பொய்யன்று. ஆயின், அச்சொல்லைக் கேட்டதும் அருகில் நிற்கும் பெரியவர்கள் வினவும் அடுத்த வினாவிலேதான் கேடு தொடங்குகிறது: "அப்படியானால் நாளை ஓடலாம் அல்லவா?"

ஓடலாகாது. வலி தணிவது வேறு, காயம் ஆறுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கமே குத்தூசி மருத்துவத்தின் பெயரால் மாணவர்க்கு இழைக்கப்படும் தீங்குகளுள் தலையாயது. குற்றம் ஊசியினுடையதன்று, ஊசியிடம் அதனால் இயலாத ஒன்றை எதிர்பார்ப்போருடையது.

கணுக்கால் பிசகும்போது நைவது எலும்போடு எலும்பைப் பிணைத்து நிற்கும் இணைப்புநார். பெரும்பாலும் புறக்கணுவின் முன்பக்கத்து நாரே முதலில் கிழியும். கிழிந்த இடத்தில் சில நாள்கள் அழற்சி நிலவும். பின்னர்ச் சில வாரங்களில் புதிய நார்ப்பொருள் ஒழுங்கின்றி நெய்யப்படும். அந்நெசவு இழுவிசையின் திசைக்கேற்பச் சீர்பெற்று உறுதியடையப் பல மாதங்கள் செல்லும். இந்தக் கால அளவை ஊசி சுருக்கிவிடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. கணுக்கால் சுளுக்குக்கு ஊசி மருத்துவம் பயன்படுமா என ஆராய்ந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிச் சீர்தூக்கிய காக்ரேன் மதிப்பீடு 2014இல் வெளிவந்தது. ஆய்வுகள் பலவாயினும் அவற்றின் தரம் தாழ்ந்திருந்தமையால் உறுதியாக எதுவும் கூறுதற்கில்லை என்பதே அதன் முடிபு.

பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இதனினும் அஞ்சத்தக்க ஒன்று உண்டு. வளரும் எலும்பின் முனையருகே வளர்தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. அது தன்னைச் சூழ்ந்த இணைப்புநாரைக் காட்டிலும் வலுக்குறைந்தது. எனவே, வளர்ந்தவர்க்கு நாரைக் கிழிக்கும் அதே பிசகு பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு வளர்தட்டையே முறித்துவிடலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் வீக்கமே, இரண்டும் வலியே. தோட்டப்புறங்களில் சுளுக்கெடுப்பவரிடம் காலைக் கொடுத்து நல்லெண்ணெய் தடவி உருவிவிட்ட நாள்களிலும் இப்பிழை நேர்ந்திருக்கும். இன்று எண்ணெய்க்குப் பதிலாக ஊசி வந்திருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்தளித்த விதி எளியது: அடிபட்டவன் நான்கு அடி எடுத்துவைக்க இயலாதவனாயினும், கணுவெலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ, நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் அளவிற்குள், தொட்டால் எலும்பு வலித்தாலும் எக்ஸ்ரே படம் எடுத்தாக வேண்டும். இதனை அறிந்துகொள்ள உடற்கல்வி ஆசிரியர்க்கு ஐந்து நிமிடம் போதும். எக்ஸ்ரே எடுக்குமுன் வலியை ஊசியால் அடக்குவது, தீ எரியும் வீட்டில் மணியை நிறுத்திவிட்டு உறங்கச் செல்வதற்கு ஒப்பாகும்.

சீனர்கள் காலங்காலமாகச் செய்வதைக் குறைகூறலாமா என்பர் சிலர். சீன நாட்டையே எடுத்துக்கொள்வோர் லியூ சியாங்கின் வரலாற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 2004இல் ஏதென்சில் 110 மீட்டர் தடையோட்டத்தில் 12.91 வினாடியில் தங்கம் வென்று உலகச் சாதனையைச் சமன் செய்தவர், 2006இல் 12.88 வினாடியில் ஓடிச் சாதனையைத் தமதாக்கிக்கொண்டவர். 2008இல் பெய்சிங் ஒலிம்பிக் அரங்கில் நாடே காத்திருக்க, குதிகால் தசைநாணின் வலியால் தகுதிச் சுற்றைக்கூட முடிக்க இயலாமல் வெளியேறினார். ஊசி மருத்துவம் பிறந்து வளர்ந்த நாட்டின் மருத்துவ வளம் முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. எனினும் அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். 2012இல் இலண்டனில் முதல் தடையிலேயே இடறி விழ, குதிகால் தசைநாண் அறுந்தது. மீண்டும் ஒரு தகுதிச் சுற்றிலேயே, ஒற்றைக்காலில் நொண்டிச் சென்று எல்லைக்கோட்டை அடைந்தார். சீன மருத்துவத்தை இழித்துரைப்பதற்காக இது கூறப்படவில்லை. நைந்த தசைநாண் தேசியக் கொடிக்காகவும் விரைவதில்லை. மாவட்டப் போட்டிக்காக அது விரையும் என்று எதிர்பார்ப்பதுதான் நகைப்புக்குரியது.

மறுபுறம், ஊசி மருத்துவம் முழுவதும் ஏமாற்று என முகஞ்சுளிப்போரும் உளர். அவர்களும் சான்றுகளைச் செவ்வனே படித்தவர் அல்லர். நாட்பட்ட முதுகுவலியுடைய 1,162 பேரைக் கொண்டு செருமனியில் நடைபெற்ற ஆய்வு 2007இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின், உரிய புள்ளிகளில் ஊசி பெற்றோருள் 47.6 விழுக்காட்டினரும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோருள் 44.2 விழுக்காட்டினரும், வழக்கமான மருத்துவம் பெற்றோருள் 27.4 விழுக்காட்டினரும் நலமடைந்தனர். முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் மட்டும் காட்டி வெற்றி முழக்கமிடுவர் ஊசி மருத்துவர். முதலிரண்டை மட்டும் காட்டி எள்ளி நகையாடுவர் அவர்தம் எதிரிகள். மூன்றையும் சேர்த்துப் படிப்பவர்க்கு உண்மை புலப்படும்: குத்துவதாலும், குத்துபவரின் கவனிப்பாலும், எதிர்பார்ப்பாலும் வலி தணிகிறது, எந்த இடத்தில் குத்துவது என்பது பெரிதும் பொருட்டாகவில்லை. வலி தணிவது சிறு நன்மையன்று. வலி குறைந்தால் உறக்கம் வரும், விறைத்த மூட்டு அசையும், பயிற்சி தொடங்கலாம். அவ்வளவே ஊசியின் பணி, அதற்கு மேலன்று.

மிகைப்படுத்தும் பழக்கம் புதிதன்று. 1971இல் பீக்கிங் சென்ற நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் சேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அறுவை நடைபெற்றது. உணர்விழக்கச் செய்தது வழக்கமான ஊசிமருந்தே. மறுநாள் இரவு ஏற்பட்ட வயிற்று உபாதைக்கு மட்டும் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் மூன்று குத்தூசிகள் செருகப்பட்டன. அவர் எழுதியதும் அதுவே. ஆயின் அச்செய்தி உலகைச் சுற்றி வருவதற்குள், குத்தூசியாலேயே வலியின்றி அறுவை செய்யப்பட்டதாக மாறிவிட்டது! தமிழரிடையே இவ்வாறு கதை வளர்ப்போர்க்குப் பஞ்சமில்லை. குத்தூசி என்பது வர்மக்கலையிலிருந்து சீனர் கொண்டுசென்றதே என மேடைதோறும் முழங்குவோர் உளர். தக்க ஆதாரமின்றி அதனை மாணவர்க்குப் போதிப்பது ஆசிரியர்க்கு அழகன்று. தவிரவும், மூதாதையர் எவராயினும் வீங்கிய கணுக்காலுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஊசி போட்டுக்கொள்ள விரும்புவோர் போட்டுக்கொள்ளலாம். யாரிடம் என்பதை மட்டும் கவனித்தல் வேண்டும். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டின் சட்டமும் மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் சட்டமும் இம்மருத்துவர்களைப் பதிவுமுறைக்கு உட்படுத்துகின்றன. பதிவுச் சான்றிதழைக் கேட்பது அவமதிப்பன்று. ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசி, கண்முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும். தோளிலும் மேல்முதுகிலும் ஆழக் குத்தியதால் நுரையீரல் துளைபட்ட நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஊசியுடன் சேர்த்துத் தரப்படும் பொடியையும் குளிகையையும் போட்டியாளர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாகாது. மலேசியாவின் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2014இல் தடைசெய்யப்பட்ட டெக்சாமெத்தசோன் உடலில் காணப்பட்டதால் எட்டு மாதத் தடைக்கு ஆளானார். அது அவர் உண்ட ஊட்டக் குளிகையின் மேலுறை வழியே சென்றது என்பதையும், ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதையும் விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆயினும் தடை தடையே.

காலை மீட்டுத் தருவது பயிற்சியே. சுளுக்கிய கணுக்கால் தன் சமநிலை உணர்வை இழக்கிறது. ஒருமுறை பிசகிய கால் மறுமுறையும் எளிதிற் பிசகுவதற்கு அதுவும் ஒரு காரணம். வீக்கம் வடிந்தபின் ஒற்றைக்காலில் நிற்றல், கண்ணை மூடி நிற்றல், நுனிக்காலில் எழுந்து இறங்குதல், நேர்கோட்டில் மெதுவோட்டம், இறுதியாகத் திரும்பியும் துள்ளியும் ஓடுதல் என்று நாளடைவில் சுமையைக் கூட்டிச் செல்ல வேண்டும். இதற்குக் காசு வேண்டுவதில்லை. பள்ளி நடைகூடமும் நாள்தோறும் பத்து நிமிடமும் போதும். காண்பவர் வியக்க ஏதுமில்லை என்பதாலேயே பலர் இதனைச் செய்வதில்லை.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஓட்டக்காரனின் கணுக்கால் நார் கிழிந்துவிட்டதென்றால், அவ்வாண்டு நான்கு பேர் தொடரோட்டத்திற்கு வேறொருவனைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதனை அன்றே அவன் பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் கூறும் துணிவு உடற்கல்வி ஆசிரியர்க்கு வேண்டும். பையன் அழுவான். ஓரிரு நாள் பேசாமலும் இருப்பான். பின்னர் அவனை நடைகூடத்தில் ஒற்றைக்காலில் நிற்க வைத்து, எத்தனை வினாடி நின்றான் என எண்ணிச் சொல்லத் தொடங்கலாம்.