சிதறியவை ஏன் சேரவில்லை?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பள்ளி நாளில் அப்பா வாங்கித் தந்தது விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கணினி. ஓர் இரவு முழுதும் டிஃபிராக்மென்ட் செய்தும் சில கோப்புகள் துண்டு துண்டாகவே நின்றன. "ஹார்டு டிஸ்க் போய்விட்டது தம்பி, புதிது வாங்கிவிடு" என்றார் கடைக்காரர். அது அப்பாவின் பல நாள் கூலி அன்றோ?

இன்று கணினியியல் படிக்கையில் காரணம் விளங்குகிறது. விண்டோஸ் இயங்கும்போது பேஜ் ஃபைல் பயன்பாட்டிலேயே இருக்கும்; அதை நகர்த்த இயலாது. சிதறிய துண்டுகளை ஒருசேர வைக்கக் காலி இடமும் வேண்டும். எக்ஸ்பி கேட்டது 15 விழுக்காடு. என் டிஸ்க்கிலோ சினிமாப் படங்கள் நிரம்பி வழிந்தன! 2009-இல் வந்த விண்டோஸ் 7, 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை வேண்டுமென்றே விட்டுவிடும். அவற்றைச் சேர்ப்பதால் வேகம் கூடுவது அற்பமே. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கோ இவ்வேலை பெரும்பாலும் வீண், தேய்மானமே மிச்சம்.

ஆகவே நண்பர்களே, சேராமல் நிற்பதெல்லாம் பழுதன்று. "போய்விட்டது" என்பவரிடம் "எதனால்?" என்று கேட்ட பிறகே பணத்தை எடுப்போம். அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அப்பா கடன் வாங்கினார்.