‘மூளைச்சாவு’ என்ற சொல்லில் காணாமல் போன தண்டு

"மூளைச்சாவு அடைந்த வாலிபரின் உடல் உறுப்புகள் தானம்." செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு இது. படிப்பவர் ஒரு நிமிடம் உச் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஆனால் அதே வார்த்தையை ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு கேட்பவரால் அப்படிப் போக முடியாது. "மூளைதானே டாக்டர் செத்திருக்கு? உயிர் இருக்கே! நெஞ்சு ஏறி இறங்குதே, உடம்பு சூடா இருக்கே!" என்பார். நியாயமான கேள்வி. இதற்குத் துக்கம் மட்டும் காரணம் இல்லை. அவரிடம் சொல்லப்பட்ட சொல்லே அரைகுறையானது.

இந்தியச் சட்டத்தில் வெறும் ‘மூளைச்சாவு’ என்று ஒன்று கிடையாது! 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் பேசுவது ‘மூளைத்தண்டுச் சாவு’ பற்றி. மூளைத்தண்டின் எல்லாச் செயல்களும் நிரந்தரமாக, இனித் திரும்ப வழியே இல்லாமல் நின்றுபோன நிலை என்பது அதன் பொருள். தமிழில் புழங்கும்போது நடுவில் இருந்த ‘தண்டு’ எங்கோ உதிர்ந்துவிட்டது. மூன்று எழுத்துதானே என்று விட்டுவிடக்கூடிய சமாச்சாரம் அல்ல அது. மொத்த விஷயமும் அந்த மூன்று எழுத்தில்தான் இருக்கிறது.

மூளை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அக்ரூட் பருப்பு மாதிரி சுருக்கம் விழுந்த பெருமூளை. யோசிப்பது, பேசுவது, காதலிப்பது, கணக்குப் போடுவது என்று புகழ் முழுவதும் அதற்கே. ஒரு காலிஃபிளவரை நிமிர்த்திப் பிடித்தால் பூவுக்குக் கீழே காம்பு இருக்கும் அல்லவா, அதுதான் மூளைத்தண்டு. சமையலறையில் காம்பை வெட்டித் தூக்கிப் போடுவார்கள். பள்ளிக்கூடப் பாடத்திலும் அதற்கு ஏறக்குறைய அதே மரியாதைதான். ‘முகுளம் சுவாசத்தைக் கட்டுப்படுத்துகிறது’ என்று மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கியதோடு பெரும்பாலானவர்களுக்கு உறவு முடிந்துவிடுகிறது.

நீளம் சுமார் 7 செ.மீ., பருமன் ஏறக்குறைய கட்டைவிரல் அளவு. மேலே நடுமூளை, நடுவில் புடைத்துக்கொண்டிருக்கும் பான்ஸ், கீழே முகுளம். பான்ஸ் என்றால் லத்தீனில் பாலம், முகுளம் என்றால் மொட்டு. (பெயர் வைத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது.) முகுளத்துக்குக் கீழே அதன் தொடர்ச்சியாக முதுகுக்குள் இறங்குவது தண்டுவடம். மூளைத்தண்டு வேறு, தண்டுவடம் வேறு. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

பெருமூளையிலிருந்து கைகால்களுக்குப் போகும் கட்டளை எல்லாம் இந்தக் கட்டைவிரல் வழியாகத்தான் இறங்கவேண்டும். உடம்பிலிருந்து வரும் வலி, சூடு, தொடு உணர்வு எல்லாம் இதன் வழியாகத்தான் ஏறவேண்டும். முகுளத்தின் அடிப்பகுதியில் கட்டளை நரம்புகளில் பெரும்பாலானவை இடம் வலமாக மாறிக்கொள்கின்றன. இடது மூளையில் பக்கவாதம் வந்தால் வலது கை விழுவது அதனால்தான். மூளையோடு தொடர்புடைய 12 ஜோடி நரம்புகளில் வாசனைக்கும் பார்வைக்கும் உள்ள இரண்டைத் தவிர மற்ற 10 ஜோடிக்கும் இதுதான் வீடு (11ஆவது கொஞ்சம் கழுத்துப் பக்கம் இழுத்தாலும்). கண்ணை உருட்டுவது, முகம் சுளிப்பது, மெல்லுவது, விழுங்குவது, இருமுவது எல்லாம் இங்கிருந்துதான்.

இதற்கு மேல் இரண்டு பெரிய வேலைகள் உண்டு. ஒன்று, விழிப்பு. 1949இல் இத்தாலியின் மொருட்ஸியும் அமெரிக்காவின் மகூனும் மயக்கத்தில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டுக்குள் லேசாக மின்சாரம் செலுத்தினார்கள். பெருமூளையின் மின்னலைகள் சட்டென்று விழித்திருக்கும் பூனையின் அலைகளாக மாறின. பெருமூளை தானாக விழிப்பதில்லை, கீழேயிருந்து எழுப்பிவிடப்படுகிறது என்று அப்போது தெரிந்தது. பெருமூளை எவ்வளவு பெரிய பங்களாவாக இருந்தாலும் மெயின் ஸ்விட்ச் இருப்பது தண்டின் மேல்பகுதியில்.

இரண்டாவது, மூச்சு. முகுளத்துக்குள் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் தாளம் தவறாமல் ‘இழு, விடு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. 1991இல் அதை அடையாளம் கண்டவர்கள் வைத்த பெயர் ப்ரீ-பாட்ஸிங்கர் காம்ப்ளெக்ஸ். பாட்ஸிங்கர் என்பது ஒரு ஜெர்மானிய ஒயினின் பெயர்! இதயத்துக்கு இப்படி ஒரு மேஸ்திரி தேவையில்லை. துடிப்பை உண்டாக்கும் அணுக்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. மூளைத்தண்டு வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். பிராணவாயு கிடைக்கும்வரை இதயம் தன் பாட்டுக்குத் துடிக்கும். ஐ.சி.யூ. வாசலில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது.

தண்டின் வல்லமைக்கு ஒரு கோழியும் சாட்சி. 1945 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோவில் சமையலுக்காக ஒரு சேவலின் தலையை வெட்டினார்கள். கோடரி சற்று மேலே விழுந்ததால் மூளைத்தண்டின் பெரும்பகுதி கழுத்தோடு தங்கிவிட்டது. மைக் என்ற அந்தச் சேவல் தலையில்லாமலே 18 மாதம் நடமாடியது. சொட்டுக் குழாயால் தொண்டையில் தீனி ஊற்றினார்களாம். சிரிப்பதா பரிதாபப்படுவதா என்று தெரியாத கதை.

1952க்கு முன் ‘மூளைத்தண்டு மட்டும் செத்துப்போனால்?’ என்ற கேள்விக்கே பெரும்பாலும் இடமில்லை. தண்டு நின்றால் மூச்சு நிற்கும், சில நிமிடங்களில் இதயமும் நிற்கும், ஊர் கூடிவிடும். அந்த ஆண்டு கோபன்ஹேகனில் போலியோ பரவியது. முகுளத்தைத் தாக்கும் வகை அதில் நிறைய. மூச்சு முடங்கிய முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்துக் காட்டினார். இயந்திரங்கள் போதாததால் சுமார் 1500 மாணவர்கள் மாதக்கணக்கில் ஷிப்ட் போட்டு உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மாணவர்தான் முகுளம்! இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவும் வெண்டிலேட்டரும் பரவலானது அதற்குப் பிறகுதான்.

அந்த வெண்டிலேட்டர்தான் பழைய சாவைப் பிரித்துப் போட்டது. 1959இல் மொல்லாரே, கூலோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 23 நோயாளிகளைப் பற்றி எழுதி, ‘கோமாவையும் தாண்டிய நிலை’ என்று பெயர் வைத்தார்கள். 1968இல் ஹார்வர்டு குழு வரையறை தந்தது. 1976இல் பிரிட்டன் மருத்துவர்கள் மூளைத்தண்டைச் சோதித்தால் போதும் என்று முடிவுசெய்தார்கள். இந்தியா போனது பிரிட்டன் வழியில். அமெரிக்கச் சட்டம் மூளை முழுவதும் நின்றிருக்கவேண்டும் என்கிறது. மூளைத்தண்டு மட்டும் போதாது என்று வாதாடுபவர்கள் இன்னும் உண்டு. ஆனால் படுக்கையருகே நின்று செய்யும் சோதனைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

‘தண்டு’ என்ற சொல் விழுந்துபோனதால் வரும் குழப்பத்துக்கு, மூன்று மனிதர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ழான்-டொமினிக் போபிக்கு 1995 டிசம்பரில் பக்கவாதம் மூளைத்தண்டைத் தாக்கியது. கட்டளை இறங்கும் பாதை அறுந்தது. பெருமூளை அப்படியே இருந்தது. எல்லாம் கேட்டது, புரிந்தது, ஆனால் அசைந்தது இடது இமை மட்டும். ஒருவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொல்ல, வேண்டிய எழுத்தில் இமைத்து ஒரு புத்தகமே எழுதினார். 1997 மார்ச்சில் அது வெளியான சில நாட்களில் இறந்துபோனார்.

மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டபோது கழுத்து நெரிக்கப்பட்டு மூளைக்குப் பிராணவாயு நின்றது. பிறகு 42 ஆண்டுகள், 2015வரை, படுக்கையில். தானாகவே மூச்சு விட்டார், விழித்தார், தூங்கினார், ஊட்டியதை விழுங்கினார். அதாவது தண்டின் அடிப்படை வேலைகள் நடந்துகொண்டிருந்தன. மூளைச்சாவு அடைந்தவர் அல்ல என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது.

மூன்றாமவர் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன். 2008 செப்டம்பரில் பைக் விபத்து. மூளைத்தண்டு மொத்தமாக நின்றது. பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள், இதயம் ஒரு சிறுமிக்குப் போனது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அதன் பிறகுதான். 2023 முதல் இப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

முதலாமவர் முழு நினைவோடு இருந்தவர். இரண்டாமவர் உயிரோடு இருந்தவர். மூன்றாமவர் இறந்துவிட்டவர். ஆனால் பேச்சு வழக்கில் மூவருக்கும் சேர்த்து ‘கோமா’ என்று ஒரே போர்வை! சினிமாவில் கோமாவில் கிடப்பவர் பழைய பாட்டைக் கேட்டதும் விரலை அசைப்பார். அதைப் பார்த்து வளர்ந்த ஊரில், ‘மூளை மட்டும்’ செத்தவர் ஏன் எழுந்திருக்கமாட்டார் என்று ஒரு தாய் கேட்டால் அவர் மேல் என்ன தப்பு?

மூளைத்தண்டு நின்றுவிட்டதா என்று பார்க்கும் சோதனைகளை உடற்கூறு தெரிந்து பார்த்தால், மாடியிலிருந்து இறங்கி ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டுவது போலிருக்கும். கண்ணில் டார்ச் அடித்தால் பாப்பா சுருங்கவேண்டும், அது நடுமூளை. விழியைப் பஞ்சால் தொட்டால் இமை மூடவேண்டும், அது பான்ஸ். காதில் பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றினால் கண்கள் நகரவேண்டும், அதற்குப் பான்ஸும் நடுமூளையும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். தொண்டையைத் தொட்டால் குமட்டல், மூச்சுக்குழாயைச் சீண்டினால் இருமல், அது முகுளம். எங்கும் பதில் இல்லையென்றால் கடைசியாக மூச்சு. நிறையப் பிராணவாயு கொடுத்துவிட்டு வெண்டிலேட்டரைக் கழற்றுகிறார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். கொஞ்சமாவது உயிருள்ள முகுளம் அதைப் பொறுக்காது, ஒரு இழுப்பாவது இழுத்துவிடும். 60 மி.மீ. அளவைத் தாண்டியும் நெஞ்சு அசையவில்லை என்றால் அங்கே யாரும் இல்லை.

ஒரு முறை போதாது. குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து. கையெழுத்துப் போடவேண்டியவர்கள் நான்கு மருத்துவர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. இந்த நிலைக்குக் காரணம் என்னவென்று தெரிந்திருக்கவேண்டும். மயக்க மருந்து, குளிர்ந்துபோன உடல், விஷம் எதுவும் காரணமில்லை என்று உறுதியாகவேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கட்டுவிரியனோ நாகமோ கடித்தவருக்கு நரம்பு-தசை இணைப்பு முடங்கி, கண்பாப்பாகூட அசையாமல், பார்ப்பதற்கு மூளைத்தண்டு நின்றவர் போலவே கிடப்பதுண்டு. சில நாள் வெண்டிலேட்டரில் வைத்தால் எழுந்து நடந்துவிடுவார்! உறவினர்கள் சந்தேகப்படுவது தவறே இல்லை. ஆனால் ‘உறுப்பைத் திருடப் பார்க்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புவதைவிட, ‘காரணம் என்ன, இரண்டு சோதனையும் எப்போது செய்தீர்கள்’ என்று கேட்பது எவ்வளவோ மேல்.

இன்னொரு சங்கடம். எல்லாம் முடிந்த பிறகும் சிலருக்குக் கை சற்றே தூக்கும், கால் விரல் மடங்கும். லாசரஸ் அறிகுறி என்று இதற்குப் பெயரே உண்டு. இது முதுகிலிருக்கும் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். அது முகுளத்துக்குக் கீழே, தன் கணக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டுவிட்டு, அந்த அசைவைத் தந்தை பார்த்துவிட்ட பிறகு விளக்க ஆரம்பித்தால், யார் நம்புவார்கள்?

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மூளைத்தண்டுச் சாவு பற்றிப் பேசுவது உறுப்பு மாற்றுச் சட்டம். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ உயிரின் அடையாளம் எல்லாம் நிரந்தரமாக மறைவதுதான் சாவு என்கிறது. தானம் கொடுக்கச் சம்மதித்தால் வழி தெளிவு. மறுத்தால் வெண்டிலேட்டரை நிறுத்தலாமா என்று மருத்துவர்கள் தயங்குகிறார்கள், குடும்பத்துக்கு பில் ஏறுகிறது. உறுப்பு வேண்டும்போது மட்டும் செத்தவர், இல்லாவிட்டால் நோயாளி என்று தோன்றினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? 2020இல் கேரள அரசு, தானத்தோடு முடிச்சுப் போடாமல் எல்லோருக்கும் பொருந்தும்படி வழிமுறை வெளியிட்டது. அதுதான் நேர்மையான வழி. மற்ற மாநிலங்களும் செய்யவேண்டியது.

சொல்லை மாற்ற அரசாணைகூட வேண்டாம். செய்தித்தாள்கள் நாளையே ‘மூளைத்தண்டுச் சாவு’ என்று எழுத ஆரம்பிக்கலாம். தலைப்பில் இடம் போதாது என்பார்கள். ‘தண்டு’க்கு இடம் இல்லையென்றால் ‘வாலிபர்’ என்பதை வெட்டலாம்! முகுளத்தைப் பற்றிய அந்த ஒரு மார்க் கேள்வியோடு, வெண்டிலேட்டரைப் பற்றியும் ஒரு பத்தி பாடத்தில் சேரலாம்.

மருத்துவமனைகள் இன்னும் ஒன்று செய்யலாம். அந்தக் கடைசிச் சோதனையின்போது, விரும்பினால், வீட்டார் ஒருவரை உள்ளே நிற்க விடலாம். குழாயைக் கழற்றியபின் எட்டுப் பத்து நிமிடம் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமைதான். ஆனால் அதுவரை ஏறி இறங்கிய நெஞ்சு யாருடைய வேலையால் ஏறி இறங்கியது என்பது அப்போது அவருக்கே தெரியும். வெளியே காத்திருக்கும் மற்றவர்களிடம் அவர் வீட்டு பாஷையில் சொல்லிக்கொள்வார்.