எலியின்மேல் மட்டும் பழியா?

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் எழிலைப் பற்றி நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். இன்று அதன் கான்களைப் பற்றி எழுத நேர்ந்துவிட்டது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து லயத்தில் ஒருவர் கான் வெட்டிவிட்டு வந்து படுத்தார். கடுங்காய்ச்சல்; கெண்டைக்காலில் பொறுக்கவொண்ணா வலி; கண்களில் செம்மை. ஒருநாட்பேர் போய்விடுமே என்று மாத்திரை இரண்டை விழுங்கி மறுநாளும் பிரட்டுக்குப் போனார். சிறுநீர் அற்றுப்போன பின்னரே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர். எலிக்காய்ச்சல் என்றார் வைத்தியர். "என்னை எந்த எலியும் கடிக்கவில்லையே, ஐயா!" என்று அவர் கேட்டாராம். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

அந்தக் கேள்விதான் என்னை எழுதத் தூண்டியது. நோய்க்கு நாம் இட்ட பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. 1886இல் ஜெர்மானிய வைத்தியர் வைல் இதனை விவரித்தார். பின்னர் ஜப்பானிய அறிஞர் இனடாவும் இடோவும் லெப்டோஸ்பைரா என்னும் இதன் நுண்ணுயிரைக் கண்டறிந்தனர். எலியின் சிறுநீரில் மட்டுமன்று, மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் அது வெளிப்படும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும். கடி வேண்டியதில்லை, கவ்வாத்துக் கத்தி கீறிய காயமோ, அட்டை கடித்துச் சொறிந்த புண்ணோ போதும். சினைப்பசு கருச்சிதைந்தால் கண்ணேறு என்கிறோமே, அங்கும் சிலவேளை இக்கிருமியே காரணம்.

2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோரை இந்நோய் பற்றியது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். 2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின், யாழ்ப்பாணத்திலும் உயிர்களைக் கொண்டுபோயிற்று. வயலில் இறங்குமுன் உழவர்க்கு டொக்ஸிசைக்கிளின் மாத்திரை வழங்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. அதனாலோ என்னவோ, இது சேற்று வயலின் நோய் என்று மலைநாட்டார் வாளாவிருக்கிறோம். லயத்தின் பின்புறம் மாட்டுப்பட்டி. அதன் கழிவு கானில். கானின் நீர் மரக்கறித் தோட்டத்தில். கெசல்கமுவ ஓயாவின் கரையிலோ, மாணிக்கக்கல் தேடும் இளைஞர் இடுப்பளவு குழிநீரில் நிற்கின்றனர். வயற்சேற்றுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

மருந்து அரிதன்று. முதல் நாட்களிலேயே கொடுத்தால் பெனிசிலினே பெரும்பாலும் போதும். நாட்கூலிதான் அந்த முதல் நாட்களை விழுங்கிவிடுகிறது. ஆகவே, கான் வெட்டுவோர்க்கு நீள்பாதணி கொடுப்பதும், காய்ச்சற்காரரின் பேரை வெட்டாதிருப்பதும் தோட்ட நிருவாகத்தின் கடமை என்பேன். தருமம் என்று சொல்லேன். ஆசிரியப் பெருமக்கள் ஒன்று செய்யலாம். காய்ச்சலென்று வரும் மாணவனிடம், "எந்தத் தண்ணீரில் இறங்கினாய்?" என்று கேட்கலாம், வைத்தியரிடமும் அதைச் சொல்லச் சொல்லலாம்.

பக்கத்து லயத்துக்காரர் மீண்டும் வேலைக்குப் போகிறார். நேற்றுக் காலையும் கண்டேன். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெறுங்காலோடு அதே கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.