கண்டுபிடித்ததற்குக் கூலி எங்கே?

சொகுசு கார் வைத்திருப்பவர் வாரண்டி முடிந்த மறுமாதமே நம் பட்டறைக்கு வந்துவிடுவதில்லை. கம்பெனி சர்வீஸில் ஒரு பெரிய எஸ்டிமேட் கைக்கு வந்த பிறகுதான் வருகிறார். அந்தத் தாளை மேஜைமேல் வைத்து, "இதையே நீங்க எவ்வளவுக்குச் செஞ்சு தருவீங்க?" என்கிறார். நாமும் ஒவ்வொரு ஸ்பேருக்கும் எதிரே குறைவான விலை ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறோம். வேலை நமக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளதையெல்லாம் மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியைக் கம்பெனியும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

கம்பெனி பில் ஏன் அதிகம் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பிராண்டு கேட்கிற அளவில் கட்டடம், காத்திருக்கும் அறையில் காபி மெஷின், பயிற்சிக்கு ஆள் அனுப்பும் செலவு, ஆண்டுக்கு இரண்டு முறைகூட எடுக்காத ஸ்பெஷல் டூல்கள், கப்பலிலும் விமானத்திலும் வரும் ஸ்பேர்கள் எல்லாம் அதில் அடக்கம். புதுக் கார் விற்பதில் டீலருக்கு நிற்பது கொஞ்சம். அதிலும் பாதி தள்ளுபடியில் கரைந்துவிடும். வாடகையும் சம்பளமும் சர்வீஸ் பக்கத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். முன்பு பெரும்பாலான உதிரிபாகங்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது ஒரே சீராக 18 சதவீதம். அந்தக் குறைவு பில்லின் அடிவரி வரை வந்து சேர்ந்ததா என்று வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வது நல்லது. கம்பெனியை விட்டால் வேறு வழியில்லாத வேலைகளும் உண்டு. ஏர்பேக் ரீகால் வந்த வண்டியை நாம் தொடவே கூடாது. அதைக் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும், அங்கே அது இலவசம்.

ஆகவே விலை அதிகம் என்பது என் குறை அல்ல. அந்த விலை எதற்காக வாங்கப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

ஜெர்மன் கம்பெனிகள் லேபரை நேர அலகில் கணக்கிடுகின்றன. பி.எம்.டபிள்யூ.விலும் மெர்சிடிஸிலும் ஓர் அலகு 5 நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு 12 அலகு. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை அலகு என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். கழற்றி மாட்டும் வேலைக்கு இதைவிட நேர்மையான முறை கிடையாது. கை தேர்ந்த டெக்னீஷியன் சீக்கிரம் முடிப்பார், கற்றுக்கொள்பவர் தாமதமாக முடிப்பார். வாடிக்கையாளர் கொடுப்பது ஒரே தொகை.

சிக்கல், எதைக் கழற்றுவது என்றே தெரியாத வண்டியில் தொடங்குகிறது. ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த மாட்யூல் தூங்காமல் கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, வண்டியைப் பூட்டிவிட்டு எல்லா மாட்யூலும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சில மாடல்களில் அதற்கே அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். பிறகு ஃபியூஸைப் பிடுங்காமல், ஒவ்வொன்றின் இரு முனையிலும் மில்லிவோல்ட் அளந்துகொண்டே வர வேண்டும். பிடுங்கினால் தூங்கிய மாட்யூல் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. அரை நாள் போய்விடும் இந்த வேலைக்கு எத்தனை அலகு என்று எந்த அட்டவணையிலும் உருப்படியாக இருக்காது. வாரண்டி கிளெய்மில் கம்பெனி பேரம் பேசும், வாரண்டி முடிந்திருந்தால் வாடிக்கையாளர் பேசுவார். எனவே சந்தேகப்படும் மாட்யூலை மாற்றிப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் சுலபம். பில்லில் ஸ்பேர் பெரிதாகவும் லேபர் சிறிதாகவும் இருப்பதற்கு டெக்னீஷியனின் திறமைக்குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. யோசிப்பதற்குச் சம்பளம் இல்லாத இடத்தில் யார்தான் யோசிப்பார்கள்?

ஸ்கேனர் வந்தபின் இது இன்னும் மோசமாகிவிட்டது. ஃபால்ட் கோடு என்பது வண்டி கொடுக்கும் புகார் மனு. அதையே தீர்ப்பாக வாசிக்கிறோம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் ஒன்று காலையில் முன்பக்க இடது மூலை தாழ்ந்து நிற்கிறது. கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடியதாகக் கோடு காட்டுகிறது. கம்ப்ரசரை மாற்றினால் கோடு போய்விடும், பெல்லோஸில் உள்ள விரிசல் போகாது. மேல்முனை இணைப்பிலும் ரப்பர் மடிப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, டார்ச் அடித்துப் பார்த்தால் நுரை கிளம்பும் இடம் தெரிந்துவிடும். அந்தக் கசிவை ஈடுகட்ட ஓடி ஓடித்தான் பழைய கம்ப்ரசர் எரிந்தது. புதியதும் அதே வழியில் போகும். ரிலே ஒட்டிப் போயிருந்தால் இன்னும் சீக்கிரம்.

இன்னொன்று, கியர்பாக்ஸில் 'லைஃப்டைம் ஆயில்' என்ற பேச்சு. 2009-ல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் அறிமுகமான இசட்.எஃப். 8 கியர் ஆட்டோமேட்டிக் இன்று பல பிராண்டுகளில் ஓடுகிறது. ஆயில் மாற்றத் தேவையில்லை என்பது காரை விற்றவர் வாக்கு. 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்று என்பது கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். வாக்கு. வாரண்டிக் காலத்தில் "தேவையில்லை சார்" என்று கேட்ட அதே உரிமையாளர், வாரண்டி முடிந்து வண்டி நடுங்க ஆரம்பித்ததும் முழு கியர்பாக்ஸுக்கு எஸ்டிமேட் வாங்குகிறார். அதை வைத்து நாம் நல்லபெயர் எடுக்கலாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறோம்? ஃபில்டர் அந்த பிளாஸ்டிக் சம்ப்போடு சேர்ந்தே வருகிறது. சம்ப்பை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் பழைய ஃபில்டர் அப்படியே உள்ளே இருக்கும். லெவல் பார்ப்பது இன்ஜின் ஓடும்போது, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டும். மே மாதம் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியில் உடனே பிளக்கைத் திறந்தால், விரிந்த ஆயில் வழிந்து, லெவல் நிறைந்துவிட்டதுபோல் காட்டும். ஆறியபின் குறைவாக நிற்கும். ராத்திரி நிறுத்திவிட்டு, காலை முதல் வேலையாக ஸ்கேனரில் ஆயில் டெம்பரேச்சரைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை அது.

வெளியே நாம் செய்யும் தவறுகள் இதோடு நிற்கவில்லை. டின்மேல் 5டபிள்யூ-30 என்று இருந்தால் போதும் என்று ஊற்றுகிறோம். லாங்லைஃப்-04, எம்.பி. 229.52 போன்ற கம்பெனி ஒப்புதலை டின்னைத் திருப்பிப் பார்த்துப் படிப்பவர்கள் குறைவு. பேட்டரியை மாற்றிவிட்டு ரெஜிஸ்டர் செய்யாமல் அனுப்புகிறோம். வண்டி பழைய பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் செய்ய, புதியது அற்பாயுளில் போகிறது. லேப்டாப்பில் ஓடும் இஸ்டாவும் எக்ஸென்ட்ரியும் யாருடைய லைசென்ஸ் என்பதை இங்கே கேட்கப் போவதில்லை, வாசகர்கள் அறிவார்கள். கம்பெனி சர்வருடன் ஆன்லைனில் செய்ய வேண்டிய கோடிங்கை அந்த லேப்டாப்பால் செய்ய முடியாது என்பதை மட்டும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லைசென்ஸ் பேச்சு வந்ததால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் பென்ஸ், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஸ்பேரையும் டயக்னாஸ்டிக் டூலையும் வெளிச்சந்தைக்குக் கொடுக்காமல் தடுத்ததுதான் குற்றச்சாட்டு. அவற்றை வெளியே கிடைக்கச் செய்ய வேண்டும், வெளி மெக்கானிக்கிடம் காட்டிய ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. பிறகு வழக்கு தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று போய்விட்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. ஐரோப்பாவில் தனிப் பட்டறைக்காரர் பழுதுநீக்கும் தகவல்களை மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் காசு கட்டி வாங்க விதி இருக்கிறது. அந்த வசதியை இங்கேயும் கேட்டுப் பெற, முதலில் நாம் முறையாகக் காசு கட்டி வாங்கும் ஆட்களாக இருக்க வேண்டும்.

அதற்குப் பணம்? ஸ்பேர் மார்ஜினிலிருந்துதான் இன்று எல்லாவற்றையும் எடுக்கிறோம். கம்பெனியைக் குறை சொல்லும் அதே பழக்கம்தான் இது. நம் பில்லில் டயக்னோசிஸுக்கு என்று தனி வரி ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. "பார்க்கிறதுக்கே காசா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். சில பட்டறைகள் வேலையை இங்கேயே கொடுத்தால் அந்தத் தொகையைக் கழித்துவிடுகின்றன. பெருந்தன்மை போலத் தெரிந்தாலும் அது தவறு. கழித்தால், எதையாவது மாற்றினால்தான் நமக்கு வருமானம் என்ற பழைய இடத்துக்கே வந்து சேர்வோம். பார்த்ததற்குக் கூலி தனி, செய்ததற்குக் கூலி தனி. அளந்த மில்லிவோல்ட், பார்த்த பிரஷர், கசிந்த இடத்தின் போட்டோ எல்லாம் வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். அவர் அதை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனாலும் நமக்கு நஷ்டமில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் வேலை செய்யும் நம் வாசகர்களும் இதைத் தங்கள் மேனேஜரிடம் பேசிப் பார்க்கலாம். அங்கேயும் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிப்பவருக்கு இன்சென்டிவ் இல்லை, அதிகம் மாற்றுபவருக்குத்தான் இருக்கிறது.

டயக்னோசிஸ் கட்டணத்தைத் தனியாக வாங்கத் தொடங்கியவர்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள், வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பெயரையும் வண்டி எண்ணையும் அடித்துவிட்டு ஜாப் கார்டு நகலையும் இணைத்து அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.